உங்கள் குழியின் உப்பு

"குதிக்காதே!" என்று தெகீவா கத்தி முடிப்பதற்குள் அரோய்ட்டா குதித்துவிட்டாள்.

முழங்கால் வரை சேறு. தலைக்கு மேலே குடை குடையாகப் பாபாய்க் கிழங்குச் செடியின் இலைகள். கையில் உப்பு அளக்கும் கருவி. செருப்பில் ஒன்று சேற்றுக்குள் போய்விட்டது, தேட நேரமில்லை.

தென்னை மர உச்சியில் பதநீர் இறக்கிக்கொண்டிருந்த உரியாமின் பாட்டு பாதியில் நின்றது.

"யாருடா அது என் குழியில?"

"நான்தான் உரியாம் அண்ணே. ஒரே நிமிஷம்!"

"அரோய்ட்டாவா? அடிப்பாவி! கால எடு! என் பொண்டாட்டியே என்னக் கேக்காம அதுல எறங்க மாட்டா!"

மரம் உயரம். அவர் இறங்கி வருவதற்குள் முடித்துவிடலாம். அரோய்ட்டா கருவியின் முனையைத் தண்ணீரின் மேல்மட்டத்தில் வைத்தாள். இனிப்பு. குழந்தைக்குக் கொடுக்கலாம். மூன்று நாளாக இந்த ஊரின் எல்லாக் குழிகளும் சொன்ன அதே பதில்.

முனையை அப்படியே முழங்கால் ஆழத்துக்கு இறக்கினாள்.

எண் எகிறியது. பன்றிகூட முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும், அவ்வளவு உப்பு.

"பாத்தியா?" என்று கரையில் நின்ற தெகீவாவைப் பார்த்தாள்.

"பாத்தேன். அவரு கையில கத்தி இருக்கிறதையும் பாத்தேன். மேல ஏறு தாயே."

தெகீவா அவளோடு தலைநகர் தாராவாவிலிருந்து குழிகளின் உப்பை அளக்க வந்தவன். நாற்பது வயது, நல்ல தொப்பை, எதற்கும் பதறுவான். ஆனால் கருவியைப் படிப்பதில் தப்பே செய்ய மாட்டான். இப்போது அவன் முகத்திலும் பதற்றத்தை மீறி ஒரு யோசனை ஓடியது. மழைத் தண்ணீர் லேசு. உப்புத் தண்ணீர் கனம். ஊற்றினால் மழைத் தண்ணீர் மேலே பாலாடை போல நிற்கும். இந்த ஊரில் மழை பெய்து மாதக்கணக்காகிறது. அப்படியானால்?

"ஊத்தியிருக்காங்க," என்றாள் அரோய்ட்டா, சேற்றோடு மேலே ஏறிக்கொண்டே. "மாதா கோயில் மழைத்தண்ணித் தொட்டியக் காலையில தட்டிப் பாத்தேன். டங்குனு காலியா கேட்டுச்சு. குடிக்கிற தண்ணிய எடுத்துக் குழியில ஊத்தியிருக்காங்க."

"எதுக்கு?"

"நாம வர்றோம்ல. அதுக்கு."

தெகீவாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டான்.

இந்த ஊரில் ஒருவரிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். சம்பளம் கேட்கலாம், சண்டைக்குக் காரணம் கேட்கலாம், இரண்டாவது கல்யாணம் ஏன் என்று கேட்கலாம். பாபாய்க் குழியைப் பற்றி மட்டும் கேட்கக் கூடாது. எந்த இலையை உரமாகப் போடுகிறார்கள், எந்த நிலவில் தோண்டுகிறார்கள் என்பதெல்லாம் குடும்ப ரகசியம். அப்பன் பிள்ளையின் காதோடு சொல்வது. விருந்தில் கொண்டுபோய் வைக்கிற கிழங்குதான் ஒரு குடும்பத்தின் முகம். தாராவாவிலிருந்து குழிகளை அளக்க ஆள் வருகிறது என்று செய்தி வந்ததும், ஊர் தனக்குத் தெரிந்ததைச் செய்தது. விருந்தாளி வருமுன் வீட்டைப் பெருக்குவது போல, அவரவர் குழியை அவரவர் அலங்கரித்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல். பக்கத்து வீட்டாரும் அதையே செய்தார்கள், இவர்களுக்குத் தெரியாமல்.

விளைவு காலையில் தொலைபேசியில் வந்தது. இயக்குநர் தூமாவின் குரல்.

"உங்கம்மா ஊரு பிரமாதம் அரோய்ட்டா! கடல் ஏறினாலும் அந்த ஊருக்கு ஒண்ணும் ஆகல. அடிபட்ட ஊருங்க பட்டியல்ல கடைசி இடம். நிலத்தடிக் குழாய் வேற தீவுக்குப் போவுது. சாயங்கால விமானத்துல கிளம்பி வந்துடு."

நிலத்தடிக் குழாய் என்றால் சின்ன விஷயமில்லை. மண்ணுக்கடியில் மிதக்கிற கொஞ்சநஞ்ச நல்ல தண்ணீரை, உப்பைத் தொடாமல் மேலாக வழித்தெடுத்து, வெயிலில் ஓடும் பம்பால் ஊருக்கே கொடுக்கும். இந்த வருடம் ஒரே ஒரு தீவுக்குத்தான். அரோய்ட்டாவின் தங்கை பிள்ளைகளுக்கு, உப்புக் கிணற்றில் குளித்துக் குளித்து முதுகெல்லாம் புண். தண்ணீர் வராவிட்டால் ஊரைவிட்டே போய்விடுவதாகத் தங்கை சொல்லியிருந்தாள். பாதி ஊர் அதே பேச்சில்தான் இருந்தது.

"ஒண்ணு பண்ணலாம்," என்றான் தெகீவா மெதுவாக. "கடல் பக்கத்துலதான் இருக்கு. ஒரு வாளி அள்ளி, அளக்குறதுக்கு முன்னாடி..."

"அவங்க ஊத்தினதே போதும். நாமளும் ஊத்தணுமா?"

அதற்குள் உரியாம் வந்து சேர்ந்துவிட்டார். கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டார். அதுவே நல்ல அறிகுறி. ஆனால் வாயில் நல்ல அறிகுறி எதுவும் வரவில்லை.

"ஊர்க்கூடத்துக்கு வா. இப்பவே. உங்க மாமன் முன்னாடியே நியாயம் கேக்குறேன்."

*

ஊர்க்கூடத்தின் தாழ்ந்த கூரைக்குக் கீழே குனிந்து நுழைந்தபோதே, செய்தி தனக்கு முன்னால் வந்து பாய் விரித்து உட்கார்ந்திருப்பதை அரோய்ட்டா பார்த்தாள். ஊரே இருந்தது. தன் அம்மா குடும்பத்துக்குரிய இடத்தில் போய்ச் சம்மணமிட்டாள். காலில் சேறு இன்னும் காயவில்லை. மறுக்க வழியில்லாத சாட்சி.

நடுவில் கமாவுவா. அம்மாவின் அண்ணன். அகலமான மார்பு, அதைவிட அகலமான குரல். ஊரிலேயே பெரிய குழி அவருடையது. அவர் குழிக் கிழங்கைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும் என்பது மூன்று தீவுகள் அறிந்த செய்தி.

"மருமவளே, அடுத்தவன் குழியில காலு வச்சியா?"

"வச்சேன் மாமா."

"ரெண்டு காலுமா?"

"ரெண்டும்தான். ஒரு செருப்பு இன்னும் உள்ள இருக்கு."

எங்கோ ஒரு பெண் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். உரியாம் எழுந்தார்.

"சிரிங்க! நாளைக்கு உங்க குழியில குதிப்பா. படிச்சிட்டா எந்தக் குழியில வேணா குதிக்கலாமா? எங்க தாத்தா காலத்து ரகசியம் அதுல இருக்கு."

"இருந்துச்சு அண்ணே," என்றாள் அரோய்ட்டா. "இப்ப அதுல உப்புதான் இருக்கு."

தலைகள் எல்லாம் உரியாம் பக்கம் திரும்பின.

"நான் என்ன வேலையா வந்திருக்கேன்னு உங்களுக்கு யாரும் சரியாச் சொல்லல. அது என் தப்பு," என்றாள். "கடல் எவ்வளவு ஏறுதுன்னு அளக்குறவங்க வேற ஆளு. ஏறினா நமக்கு எவ்வளவு வலிக்குதுன்னு அளக்குறதுதான் என் வேலை. டாக்டரு வயித்த அமுக்கி 'வலிக்குதா'ன்னு கேக்குறாரு. நீங்க எல்லாரும் பல்லக் கடிச்சிக்கிட்டு 'இல்லையே'ன்னு சிரிக்கிறீங்க. அவரு மருந்துப் பெட்டிய மூடிக்கிட்டு அடுத்த வீட்டுக்குப் போறாரு."

"எங்களுக்கு வலிக்கல," என்றார் உரியாம்.

"அப்ப மாதா கோயில் தொட்டித் தண்ணி எங்க அண்ணே?"

உரியாம் உட்கார்ந்துவிட்டார். சுற்றிலும் பலர் திடீரென்று கூரையைக் கவனிக்க ஆரம்பித்தார்கள்.

கமாவுவா தொண்டையைச் செருமினார். "குழியப் பத்திக் கூட்டத்துல பேசக் கூடாது. அது வழக்கம். அபராதத்தக் கட்டிட்டுப் போ. உரியாமுக்கு ஒரு கட்டுப் புகையிலை, ஊருக்கு ஒரு பன்றி."

முடிந்தது. விமானம் கிளம்ப இன்னும் ஒரு பிற்பகல்தான். கேட்கக் கூடாததைக் கேட்காமல் எப்படி வாங்குவது? அரோய்ட்டா ஒரு முறை கண்ணை மூடினாள். திறந்தபோது அவள் முகத்தில் ஒரு விஷமம்.

"அபராதம் கட்டுறேன் மாமா. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு புபுசி."

கூடம் முழுக்க ஒரு முனகல் ஓடியது.

முனகாமல் என்ன செய்வார்கள்? சொந்தக்காரர் ஒருவர் வாயைத் திறந்து புபுசி என்று கேட்டுவிட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது. வலையானாலும் சரி, பன்றியானாலும் சரி, கொடுத்தாக வேண்டும். மறுத்தவன் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. தெகீவாவின் மிதிவண்டி இரண்டு வருடம் முன்னால் அப்படித்தான் ஒரு மைத்துனனோடு போனது. இங்கே உட்கார்ந்திருக்கும் எல்லாருமே அரோய்ட்டாவுக்கு ஏதோ ஒரு வகையில் சொந்தம்.

"என் வண்டி பஞ்சர்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் முந்திக்கொண்டது.

"என் பன்றிக்குக் காய்ச்சல்!"

"எனக்கு வண்டியும் வேணாம், பன்றியும் வேணாம்," என்றாள் அரோய்ட்டா. "உங்க குழியோட உப்பக் குடுங்க."

ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள்.

"அடி வரைக்கும் அளக்க விடுங்க. ஒரு குழி பாக்கியில்லாம. அவ்வளவுதான் கேக்குறேன். புபுசி."

வழக்கமும் வழக்கமும் நேருக்கு நேர் மோதி நின்றன. குழியைப் பற்றிக் கேட்கக் கூடாது. புபுசியை மறுக்கக் கூடாது. எல்லாக் கண்களும் கமாவுவாவின் மேல் திரும்பின. முதல் கேள்வி அவரிடம்தான் வைக்கப்பட்டது. இழப்பதற்கு ஊரிலேயே அதிகம் வைத்திருப்பவரும் அவர்தான்.

பெரிய மனிதர் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார்.

"என் குழி செத்துப்போச்சு," என்றார்.

உள்ளங்கைகளை மூடிக்கொண்டார்.

"போன வருஷம் பெரிய அலை வந்துச்சுல்ல, அதோட சரி. ஈஸ்டருக்கு நான் கொண்டாந்த கிழங்கு என்னுது இல்ல. வடக்கு ஊருல மச்சான்கிட்ட புபுசி கேட்டு வாங்குனது. நாலு நாளா நானும் என் பொண்டாட்டியும் தொட்டித் தண்ணியச் சுமந்து ஊத்தினோம். போதுமா மருமவளே? எடுத்துக்க. உப்பு பூரா உனக்குத்தான்."

"மாமா, நீங்களுமா?" என்றார் உரியாம், நம்ப முடியாமல். "நான் என்னுது மட்டும்தான் செத்துப்போச்சுன்னு நெனச்சேன்! நீங்க கேலி பண்ணுவீங்கன்னுதான் ஊத்தினேன்!"

"உன்னைக் கேலி பண்ண எனக்குக் குழி வேணுமாக்கும். உன் பாட்டே போதும்."

முதலில் ஒரு சிரிப்பு. அப்புறம் ஊரே. வெட்கமும் நிம்மதியும் கலந்த அந்தச் சிரிப்பில் ஒவ்வொருவராக ஒப்புக்கொண்டார்கள். நான் மூன்று குடம். நான் தொட்டித் தண்ணீருக்குப் பதில் இளநீரை ஊற்றினேன். இளநீரா? வசதிதான் உனக்கு!

ஒரே ஒருத்தி சிரிக்கவில்லை. தூணோரம் பாய் முடைந்துகொண்டிருந்த ரோத்தியா. கணவன் வெளிநாட்டுக் கப்பலில். வருடத்துக்கொரு முறை வருவான். தனியாகத் தோட்டம் பார்த்து, தனியாக மீன் காயவைத்து, யாரிடமும் அதிகம் பேசாதவள்.

"நான் ஊத்தல," என்றாள்.

"அடி போடி, எல்லாரும்தான் ஊத்தினோம்."

"ஊத்தலன்னா ஊத்தலதான்."

*

பிற்பகல் முழுக்க ஓட்டம். கருவியோடு அரோய்ட்டா முன்னே, தெகீவா பின்னே, ஊர் அதற்கும் பின்னே. இதுவரை அடுத்தவன் குழியை எட்டிக்கூடப் பார்க்காதவர்கள் இப்போது எல்லாக் குழிகளையும் பார்த்தார்கள், கல்யாண வீட்டில் நகை பார்ப்பது போல.

"உன்னுது என்ன, என்னுதவிடக் கேவலமா இருக்கு!"

"போய்யா, உன்னுதுல மீனே விடலாம்."

குழிக்குக் குழி அதே கதைதான். மேலே இனிப்பு, கீழே கடல். எண்களைத் தெகீவா ஊராட்சியின் செயற்கைக்கோள் தொலைபேசியில் தூமாவுக்கு உடனுக்குடன் படித்தான். தூமா முதலில் நம்பவில்லை. பிறகு திட்டினார். பிறகு எண்களை எழுதிக்கொண்டார்.

"இது உண்மைன்னா, நாட்டுலயே ரொம்ப அடிபட்ட ஊரு இதுதான்," என்றார். "ஆனா காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு சொல்றீங்க. ஒரு குழி மாறிச்சின்னாலும் என்னால கையெழுத்துப் போட முடியாது. எத்தனை பாக்கி?"

"ஒண்ணு," என்றான் தெகீவா.

ரோத்தியாவின் குழி ஊரின் ஓரத்தில், தாழங்காட்டுக்குப் பின்னால் இருந்தது. சுற்றிலும் ஓலை வேலி. உள்ளே பார்த்ததும் எல்லாரும் வேலியோரம் நெருக்கியடித்தார்கள். இலைகள் கரும்பச்சை. தண்டுகள் தொடை கனம். கமாவுவாவின் குழி நல்ல நாளில்கூட இப்படி இருந்ததில்லை என்று அவரே நினைத்தது முகத்தில் தெரிந்தது.

ரோத்தியா வழியை மறித்து நின்றாள். பிறகு, புபுசியை நினைத்துக்கொண்டவள் போல, விலகினாள்.

அரோய்ட்டா முனையை வைத்தாள். மேலே இனிப்பு. முழங்கால் ஆழம். இனிப்பு. கையை முழங்கை வரை சேற்றில் அமுக்கினாள். அங்கேயும் இனிப்பு.

இங்கே மண்ணுக்கடியில் நல்ல தண்ணீர் இருந்தால், மற்ற குழிகள் சொன்னது பாதிப் பொய். ஊற்றியும் அடிவரை இனிப்பென்றால், ஊற்றியது மேலாக நிற்கும் என்ற அவள் கணக்கே பொய்.

"என்ன ஆச்சு?" தொலைபேசியில் தூமா. "இனிப்பா, உப்பா?"

தூரத்தில் விமானத்தின் இரைச்சல் கேட்டது. ஓடுபாதையிலிருந்து பன்றிகளை விரட்டும் சத்தமும் கேட்டது.

"ரோத்தியாக்கா," என்றாள் அரோய்ட்டா, குரலை இறக்கி. "கோபப்படாதீங்க. எத்தனை குடம் ஊத்தினீங்க?"

"ஒரு சொட்டு ஊத்தல. வானம் ஊத்தினதுதான். அது போவாம நிக்குது." ரோத்தியா குழியின் ஓரத்தில், செடிகள் முடிகிற இடத்துக்கு இரண்டடி தள்ளி ஒரு இடத்தைக் கால் விரலால் காட்டினாள். "இங்க தோண்டி வச்சுப் பாரு."

உரியாமே கையால் தோண்டினார். ஊறிய தண்ணீரில் முனையை வைத்ததும் எண் எகிறியது. உப்பு. சுத்தமான கடல்.

இரண்டடிக்குள் கடலும் மழையும். அரோய்ட்டா கருவியை இன்னும் உள்ளே, செடிகளுக்கு நடுவே, அடி தேடி அழுத்தினாள். எதிலோ இடித்தது. டொக்.

"பாறை," என்றான் தெகீவா.

"பாறை இப்படிச் சத்தம் போடாது," என்றார் கமாவுவா.

தூமாவின் குரல் கறாரானது. "அரோய்ட்டா, கேளு. அந்தக் குழிக்கும் மண்ணுக்கும் நடுவுல தடுப்பு ஏதாவது இருந்தா, அந்தத் தண்ணி ஊரோட தண்ணி இல்ல. உன் கணக்கு நிக்கும். குழாய் உங்களுக்குத்தான். கூடவே ஒரு ஊரு கடலச் சமாளிக்கக் கண்டுபிடிச்ச வழியையும் எழுதிக்குவேன். ஆனா உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியணும். என்ன அது?"

எல்லாரும் ரோத்தியாவைப் பார்த்தார்கள். அவள் வானத்தைப் பார்த்தாள், மண்ணைப் பார்த்தாள், கடைசியில் கமாவுவாவை முறைத்தாள்.

"சொன்னா யாரும் அதத் திருப்பிக் கேக்கக் கூடாது."

"கேக்க மாட்டோம்," என்றார் கமாவுவா. "ஊரு சத்தியம். சொல்லு தாயி, இது என் புபுசி."

"பாத்தீங்களா, பாத்தீங்களா! இதுக்குத்தான் புதைச்சேன்!" ரோத்தியாவுக்குக் குரல் உயர்ந்தது. "என் புருஷன் கப்பலுக்குப் போறப்ப விட்டுட்டுப் போனது. புதுசு. ஒரு கீறல் இல்ல. அது கரையில கெடந்திருந்தா நீங்க சும்மா விட்டிருப்பீங்களா? திங்கக்கிழமை உரியாம் அண்ணன் வந்து நிப்பாரு. செவ்வாக்கிழமை நீங்க. என்னால இல்லன்னு சொல்ல முடியுமா? ஊரே திருவிழாவுக்குப் பக்கத்துத் தீவுக்குப் போயிருந்தப்ப, நானும் என் தங்கச்சியும் கட்டை வச்சு உருட்டிக் கொண்டாந்து குழிக்குள்ள எறக்கிட்டோம். மேல மண்ணு, எலை. அலை அடிச்சிட்டுப் போச்சுன்னு நீங்களா பேசிக்கிட்டீங்க. நான் மறுக்கல. மண்ணு சும்மா கெடக்கேன்னு நாலு பாபாய் நட்டேன். போன வருஷம் உங்க குழியெல்லாம் கருகினப்ப என்னுது மட்டும் பச்சையா நின்னுச்சு. ஏன்னு எனக்கே புரியல. ஒரு நாள் பூரா கரையில உக்காந்து யோசிச்சேன்."

"யோசிச்சு?"

ரோத்தியா முதல் முறையாகச் சிரித்தாள்.

"படகு, மாமா. கீழ முழுசா ஒரு படகு இருக்கு. கடல உள்ள விடாம இருக்குறதுதான அதோட வேலை?"